வெப்பமேறிய கண்ணாடியும் ஒளியிழையின் வரலாறும்

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, நாவுல முதலிய பகுதிகளில் வெண்ணிறப் படிகக்கல் கிடைக்கின்றது. இரசாயன நோக்கில் அது சிலிக்காவாகும். உலகின் செய்திகளைச் சுமந்துசெல்லும் ஒளியிழையும் பெரும்பாலும் சிலிக்காவே. பொருள் ஒன்றாயிருக்க, ஒன்று கல்லாகவும் மற்றொன்று செய்திவழியாகவும் ஆனது எங்ஙனம்? அளந்தறியும் முயற்சியே அதன் வரலாறாகும்.

பனிக்கட்டி 0 பாகையில் உருகும். கண்ணாடிக்கோ அத்தகைய திட்டமான உருகுநிலை இல்லை. வெப்பம் ஏற ஏற அது இளகிப் பாகாகி ஒழுகும். ஆதலின் அதன் பாகுநிலையையே அளக்க வேண்டியதாயிற்று. மெல்லிய கண்ணாடியிழையொன்றைச் சூடாக்கி, அது தன் நிறையாலேயே நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் நீளும் வெப்பநிலையை இளகுநிலை எனக் கொள்ளும் முறையை அமெரிக்கரான லிற்றில்ற்றன் 1927இல் வகுத்தார். சாதாரண யன்னற் கண்ணாடி 700 பாகை செல்சியசைச் சற்றுக் கடந்ததும் அந்நிலையை எய்தும். தூய சிலிக்காவோ 1,600 பாகையையும் கடக்க வேண்டும்.

இத்தகைய சிலிக்காவை இழையாக்குதல் எளிதன்று. 1887இல் ஆங்கிலேயரான பொய்ஸ், உருகிய படிகத்தை அம்பொன்றிற் பொருத்திக் குறுக்குவில்லால் எய்து நுண்ணிழை பெற்றார். ஈர்ப்பு மாறிலியை அளக்க அவருக்கு அவ்விழை உதவியது.

பஞ்சாபில் மோகாவிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954இல் இலண்டனில் ஹொப்கின்சுடன் சேர்ந்து இழைக்கற்றை வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டினார். எனினும் நெடுந்தூரம் செல்லுமுன் ஒளி மங்கியது. குறை கண்ணாடியின் இயல்பிலன்று, அதிற் கலந்த மாசிலேயே உள்ளது என 1966இல் சாள்ஸ் காவோ நிறுவினார். ஒரு கிலோமீற்றரின் முடிவில் நூற்றிலொரு பங்கு ஒளி எஞ்சினாற் போதும் என்பது அவர் வகுத்த எல்லை. 1970இல் கோர்னிங் நிறுவன ஆய்வாளர் அவ்வெல்லையை வென்றனர். காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று ஏறத்தாழ 2,000 பாகை வெப்பத்தில் கண்ணாடித் தண்டிலிருந்து 125 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள இழை இழுக்கப்படுகின்றது. வெப்பம் சிறிது பிறழின் பாகுநிலை மாறும். இழையின் தடிப்பும் மாறும். உள்ளகமும் உறையும் வெவ்வேறளவில் விரியுமாயின், குளிரும்போது தகைப்பு எழும். ஆகவே பாகுநிலையும் விரிவுக் குணகமும் முன்னரே அறியப்படல் வேண்டும்.

இவ்விழையின் உள்ளகம் அகழ்ந்தெடுத்த கல்லை நேரே உருக்கி ஆவதன்று. தூய்மையாக்கப்பட்ட சிலிக்கன் சேர்வையின் ஆவியிலிருந்தே ஆவது. எனவே மலையிற் கல் இருத்தல் மட்டும் செல்வமாகாது. அக்கல்லின் இயல்பை அளக்கும் ஆய்கூடமும், அதனை ஆளும் கல்வியும் உடன் வாய்க்குமிடத்தே அது செல்வமாகும். மாத்தளை மாணவர் கருத வேண்டியது இதுவே.