முகப்பருச் சிகிச்சையும் அவதானக் குறையும்

நாட்பட்ட நோய்களுக்கென எழுதித் தரப்படும் மருந்துகளைச் செல்வ வளம் மிக்க நாடுகளிற்கூடச் சராசரியாகப் பாதிப் பேரே முறைப்படி உபயோகிக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. உயிருக்கே ஆபத்து விளைக்கும் வியாதிகளின் கதி இதுவாயின், உயிரை வாங்காமல் மானத்தை மட்டும் வாங்குகிற முகப்பருவின் கதி இதனினும் மேலாயிருக்க நியாயமில்லை. பருவ வயதினர் மருந்தை இடையிலே கைவிட்டுவிடுவதைச் சரும வைத்தியர் யாவரும் அறிவர். ஆயினும் காரணம் கூறப் புகும்போது மறதி, அலட்சியம் என்னும் இரண்டோடு விசாரணையை முடித்துவிடுகின்றனர். அவ்விளைஞரில் ஒரு பகுதியினரிடத்தேனும் மெய்யான காரணம் அவதானக் குறையே என்பதும், அத்தகையோரிடத்துச் சிகிச்சை தோற்பதற்கு அச்சிகிச்சையின் அமைப்பே பெரிதும் பொறுப்பு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அவதானக் குறையைப் பற்றிய சாஸ்திரீய விசாரணை புதியதன்று. 1902-ஆம் ஆண்டில் லண்டன் ராஜாங்க வைத்தியக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் யாதொரு குறையும் இல்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள மாட்டாத பிள்ளைகள் சிலரை வர்ணித்தார். அக்காலத்து மனப்பான்மைக்கேற்ப, அதனை ஒழுக்கத்தைச் சார்ந்ததொரு குறையாகவே அவர் கொண்டார். 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியச் சங்கத்தின் கையேடு அவதானத்துக்கு முதலிடம் தந்து பெயரை மாற்றிற்று, இன்று ஏ.டி.எச்.டி. என்று பள்ளி ஆசிரியரும் சொல்லுகிற பெயர் 1987-இல் நிலைபெற்றது. உலகெங்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐவரளவில் இக்குறை உண்டென்பது பொதுவான மதிப்பு. பின்வந்த ஆராய்ச்சியாளருள் ரஸ்ஸல் பார்க்லி, உந்துதலை ஒரு கணம் நிறுத்தி வைக்கும் ஆற்றலின் தளர்ச்சியே இதன் மூலம் என்றார். எட்மண்ட் சொனுகா-பார்க், தாமதத்தின் மீதுள்ள வெறுப்பும் ஒரு தனி மூலம் என்று காட்டினார். தொலைவிலுள்ள பெரிய பலனைவிட அருகிலுள்ள சிறிய பலனே இவர்களை இழுக்கிறது என்னும் இவ்விரண்டாவது கருத்துத்தான் நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டுவது.

இனி, முகப்பருச் சிகிச்சையின் இயல்பை நோக்குவோம். கண்ணுக்குத் தெரியும் பரு, தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே மயிர்க்கால் துவாரத்தில் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த உயிரணுக்களும் சேர்ந்து அடைத்த நுண்ணிய அடைப்பிலே பிறந்துவிடுகிறது. ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் 1969-இல் பிரசித்தமாக்கிய வைட்டமின் ஏ அமிலமாகிய டிரெட்டினாயினும், அதன் வழிவந்த அடாபலீனும் இந்த அடைப்பைத் தடுக்கும் மருந்துகளேயன்றி, இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பருவை நாளைக் காலைக்குள் அமுக்கிவிடுபவை அல்ல. ஆகவே பரு உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைக்காமல், பட்டாணியளவு மருந்தை முகம் முழுவதும் பரப்பிப் பூசவேண்டும். பலனை அறியப் பன்னிரண்டு வாரமேனும் பொறுக்கவேண்டும். முதல் சில வாரங்களிலோ தோல் சிவக்கும், உரியும், எரியும். சிலருக்குப் பருவும் பெருகும். துன்பம் முன்னும் இன்பம் பின்னுமாக, இடையிலே மூன்று மாதக் கால தாமதம் வைத்து இயற்றப்பட்ட இந்த ஏற்பாட்டைப் போல், தாமதத்தை வெறுக்கும் சித்தத்தைத் தோற்கடிப்பது வேறொன்றில்லை.

இரவு பத்து மணிக்கு நிகழ்வதைச் சற்று அணுகிப் பார்த்தால் இது விளங்கும். டிரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதைவதால் இரவில் பூசவேண்டும். ஈரமான தோலில் எரிச்சல் மிகுமாதலால் முகம் கழுவி இருபது முப்பது நிமிஷம் காத்திருக்கவேண்டும். அந்த இருபது நிமிஷத்திலேதான் காரியம் கெடுகிறது. முகத்தைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்த பிள்ளை கைபேசியை எடுக்கிறான், ஒரு காணொளி மற்றொன்றை அழைக்கிறது, தூக்கம் வந்துவிடுகிறது. மருந்துக் குழாய் மேசையில் மூடி திறவாமலே கிடக்கிறது. அவதானக் குறைக்கென மீதைல்பெனிடேட் உட்கொள்ளும் பிள்ளையாயினும் நிலைமை மாறுவதில்லை. சாதாரண மாத்திரையின் பலன் நான்கு மணி நேரமளவிலும், காலையில் விழுங்கும் நீடித்த மாத்திரையின் பலன் பன்னிரண்டு மணி நேரத்திற்குள்ளும் தீர்ந்துபோக, சரும வைத்தியர் குறித்த வேளை மனநோய் வைத்தியரின் மருந்து ஓய்ந்த வேளையாய் முடிகிறது. ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கின்றன.

காத்திருக்க மாட்டாத மனத்துக்கு நம் நாட்டு மருந்துக் கடைகள் வேறொரு வழியையும் திறந்து வைத்திருக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு மூன்று நாளில் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி முகத்தை வெளுப்பாகவும் காட்டும். நிறுத்தினாலோ முன்னினும் மூர்க்கமாகப் பரு கிளம்பும், தொடர்ந்தாலோ தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று இந்திய அரசு 2018-இல் விதித்தது. ஆயினும் சிநேகிதி சொன்னாள், அண்ணன் பூசினான் என்று வாங்குவது நின்றபாடில்லை. இவ்விளைஞரை அறியாமை மிக்கவர் என்பது எளிது. நான் காண்பது வேறு: விரைவில் பலன் தரும் கேட்டுக்கும், தாமதித்துப் பலன் தரும் நன்மைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது, அவதானக் குறையுடையவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று சாஸ்திரம் கூறுகிறதோ அந்தப் பக்கமே அவன் சாய்கிறான்.

நினைவூட்டினால் போதாதோ என்பார் உளர். சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மருந்துக் குழாயைத் திறக்கும் நேரத்தைத் தானே குறிக்கும் நுண்கருவியை மூடியிலே பொருத்தி அமெரிக்காவில் நடத்திய பரிசோதனையொன்றில், நாள்தோறும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் மருந்து பூசுவோர் அதிகரிக்கவில்லை என்று 2012-இல் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ஸ்டீவன் பெல்ட்மன் குழுவினர் வெளியிட்ட பரிசோதனையில், பெற்றோரைக் கொண்டு தினமும் நினைவூட்டியதிலும் பயனில்லை. அடிக்கடி வைத்தியரிடம் வந்து முகத்தைக் காட்டிச் சென்றவர்களே மருந்தை விடாமல் பூசினர். தாயின் நச்சரிப்புக்கு இல்லாத சக்தி அயலார் ஒருவரின் பார்வைக்கு இருப்பது தாய்மாருக்கு மனக்கசப்பைத் தரலாம். ஆனால் அது உண்மை. இப்பரிசோதனைகளுக்கு உட்பட்டவர்கள் அவதானக் குறையுடையோரென்று தேர்ந்தெடுக்கப்பட்டவரல்லர். சாதாரண இளைஞரிடத்தே பலிக்காத மணியோசை, அக்குறையுடையாரிடத்துப் பலிக்கும் என்று எதிர்பார்க்க யாதொரு ஆதாரமும் இல்லை. வைத்தியரைச் சந்திக்கும் நாள் அருகிலிருப்பதோ, மூன்று மாதத் தாமதத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கித் தருகிறது; அதனாலேயே அது பலிக்கிறது என்பது என் அனுமானம்.

இதனால் சரும வைத்தியர் மனநோயை நிர்ணயம் செய்யவேண்டும் என்று நான் கூறவில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலுமாக இரண்டு இடங்களில் வெளிப்பட்டாலன்றி அந்நிர்ணயம் கூடாதென்பது 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின் விதி. ஐந்து நிமிஷப் புறநோயாளிச் சந்திப்பில் அது ஆகிற காரியமன்று. பொருளைத் தொலைப்பதும் வீட்டுப்பாடம் பாதியில் நிற்பதும் வழக்கமா என்று கேட்பது மட்டும் ஆகிற காரியம். ஓடியாடித் துன்புறுத்தாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண் பிள்ளைகள் எவர் கண்ணிலும் படாது தப்பிவிடுவதால், அவர்களிடம் இதைக் கேட்பது இன்னும் அவசியம்.

ஆம் என்று விடை வந்தால் சீட்டை மாற்றி எழுதவேண்டும். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, நடுவே ஒரு மாத்திரை என்று மூன்றை எழுதுவதினும், அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒன்றாகக் கலந்த களிம்பை நாளுக்கு ஒருமுறை எழுதுவது மேல். துண்டையும் தலையணை உறையையும் அது வெளுத்துவிடும் என்பதை மட்டும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அடாபலீன் டிரெட்டினாயினைப் போல் வெளிச்சத்தில் சிதைவதன்று. ஆகவே பள்ளியிலிருந்து வந்ததும் முகம் கைகால் கழுவுகிற நம் வீட்டுப் பழக்கத்தோடு அதனைச் சேர்த்து, வெயில் தாழ்ந்து தோல் உலர்ந்தபின், காலை மாத்திரையின் பலன் இன்னும் மிஞ்சியிருக்கும் வேளையிலே பூசச் சொல்லலாம். எரிச்சல் தாங்காத பிள்ளைக்கு முதலிரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும் என்று விதிப்பதிலும் குற்றமில்லை.

மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பும் வழக்கத்தை இப்பிள்ளைகள் விஷயத்திலேனும் கைவிட்டு, முதல் மறுசந்திப்பை இரண்டாம் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுமாறு சரும வைத்தியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.