துப்பாக்கி போச்சு, கூடு இருக்கு

போன மாசம் போடிமெட்டு ஏறினப்போ, ஏலத்தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்த ஒரு தாத்தாவைப் பார்த்தேன். மேஜையில பேனா சொருக மூணேகால் அங்குலப் பித்தளைக் குழல் ஒண்ணு. அடியில '.470'னு பொறிச்சிருந்தது. "யானைத் தோட்டாக் கூடு தம்பி, துரை விட்டுட்டுப் போனது" என்றார்.

அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு சட்டம் இருக்கு. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் குழல் அளவு .450 அங்குலம். அதே அளவு வேட்டைத் தோட்டா கலகக்காரர்களுக்கு உதவிடும்னு பயந்து, ஆங்கில அரசு 1907ல் இந்தியாவிலும் சூடானிலும் .450க்குத் தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் சும்மா இருப்பாங்களா? ஜோசப் லாங் கம்பெனியின் .470, .500 கூட்டின் வாயைச் சுருக்கினதுதான். வேடிக்கை என்னன்னா, மார்ட்டினி-ஹென்றி தோட்டாவே ஸ்னைடர் .577 கூட்டைச் சுருக்கிப் பிறந்தது! (நம்ம ஆபீஸ் 'ஒர்க்அரவுண்ட்' எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.)

இப்படி ஒரு கூட்டைத் தனி ஆள் தன் இஷ்டத்துக்கு மாத்தினா அது 'வைல்ட்கேட்'. அங்க பல சமயம் அச்சு துப்பாக்கியேதான். தோட்டா உட்கார்ற அறையைக் கொஞ்சம் அகலமாக் குடைஞ்சு, சின்னக் கூட்டைப் போட்டுச் சுடுவாங்க. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, அழுத்தத்துல விரிஞ்சு அறைச்சுவரோட ஒட்டும். துளி சுருங்கும், ஆனா பழைய வடிவத்துக்குத் திரும்பாது. இதுதான் ஃபயர் ஃபார்மிங்.

பார்க்கப்போனா, சுட்ட எல்லாக் கூடுமே ஓரளவு அப்படித்தான். துப்பாக்கி எங்க போச்சோ, அதோட உள்சுவர் மட்டும் தாத்தா மேஜையில இருக்கு.

"எந்த யானை தாத்தா?"

"அதை யாருப்பா எழுதி வெச்சா? ஏலக்காய்க்குத்தான் கணக்கு."