நாலு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கம்மி

நம்மூர் ரோட்டுல ஓடுற குட்டி எஸ்யூவிகளோட நீளத்தை ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாருங்க மக்களே. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 3999 மில்லிமீட்டர். மாருதி பிரெஸ்ஸா 3995. ஹூண்டாய் வென்யூ 3995. நிஸான் மேக்னைட் 3994. ரெனோ கைகர் 3991. வேற வேற நாட்டுக் கம்பெனிங்க, வேற வேற டிசைனருங்க. எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி நாலு மீட்டருக்கு ஒரு விரற்கடை முன்னாடியே பிரேக் போட்டு நிக்கிறாங்க. என்ன காரணம்?

காரணம் 2006 பிப்ரவரி மாசத்து பட்ஜெட். நம்ம ப.சிதம்பரம் நிதியமைச்சரா இருந்தப்போ, சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்துலேர்ந்து 16 ஆகக் குறைச்சார். சின்னக் கார்னா என்ன? நீளம் 4000 மி.மீ.க்குள்ள இருக்கணும். பெட்ரோல்னா இன்ஜின் 1200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1500 சி.சி.க்குள்ள. அவ்ளோதான். சின்ன, சிக்கனமான கார் தயாரிப்புல இந்தியா உலகத்துக்கே மையமா வரணும்ங்கிறது நோக்கம். அந்த நேரத்துல எஸ்யூவியை மனசுல வச்சு யாரும் இதை எழுதியிருக்க மாட்டாங்க.

ஆனா கோடு கிழிச்சாச்சுன்னா அதுக்கு ஏத்த மாதிரி வளையுறதுதானே வியாபாரம்! முதல்ல வளைஞ்சது டிக்கி வச்ச கார்கள். 2008-ல டாட்டா இண்டிகோ சி.எஸ். வந்துச்சு. நாலு மீட்டரைத் தாண்டி இருந்த ஸ்விஃப்ட் டிசையரை 2012-ல பின்பக்கம் வெட்டி 3995 ஆக்கினாங்க. டிக்கி குட்டையானதைப் பார்த்து கிண்டல் பண்ணினவங்களே அப்புறம் ஷோரூம்ல வரிசையில நின்னாங்க :-)

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எஸ்யூவின்னா முன்னாடி எல்லாம் லாரி மாதிரி தனியா ஒரு சேஸிஸ், அது மேல பாடி. சுமோ, சஃபாரி, ஸ்கார்ப்பியோ எல்லாம் இந்த ஜாதி. கரடுமுரடா உழைக்கும், ஆனா ஏறி உட்காரணும்னா குதிரை மேல ஏறுற மாதிரி. 1994-ல ஜப்பான்ல டொயோட்டா 'ராவ் 4'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. கார் மாதிரியே பாடியும் அடித்தளமும் ஒரே கூடு, உயரம் மட்டும் ஜீப் மாதிரி. அடுத்த வருஷமே ஹோண்டா சி.ஆர்-வி. கிராஸ்ஓவர்னு இன்னிக்கு நாம சொல்ற சமாச்சாரம் பரவினது இவங்களாலதான். காடு மலைக்குப் போறவங்களை விட, ஸ்கூலுக்கும் கடைக்கும் போற குடும்பங்கள்தான் அதிகம் வாங்கினாங்க.

நம்மூர்ல இந்த ரெண்டு கதையும் சந்திக்கிற இடம் சுவாரஸ்யமானது. 2009-ல பிரீமியர் ரியோ வந்துச்சு. பெருசா எடுபடலை. 2012-ல மஹிந்திரா, சைலோவோட பின்பக்கத்தை வெட்டி குவாண்டோன்னு விட்டாங்க. அதுவும் நிக்கலை. 2003-லேர்ந்து பிரேசில்ல ஓடிக்கிட்டிருந்த ஈகோஸ்போர்ட்டோட அடுத்த தலைமுறையை 2012 ஜனவரியில டெல்லி கண்காட்சியில காட்டினாங்க. 2013 ஜூன்ல 5.59 லட்சம் ஆரம்ப விலைன்னு அறிவிச்சதும் புக்கிங் குவிஞ்சுது. வண்டி பொறந்தது நம்ம மறைமலை நகர்ல. இதுலயும் ஒரு வேடிக்கை: அதோட 1.0 டர்போ பெட்ரோலுக்கும் 1.5 டீசலுக்கும் வரிச்சலுகை உண்டு, 1.5 பெட்ரோலுக்குக் கிடையாது. ஒரே உடம்பு, மூணு இதயம், ரெண்டு வரி!

அதுக்கப்புறம் 2016-ல பிரெஸ்ஸா, 2017-ல நெக்ஸான், 2019-ல வென்யூன்னு ஊர்வலமே கிளம்பிருச்சு. 2018 டிசம்பர்ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில அஞ்சு நட்சத்திரம் வாங்கின முதல் இந்தியக் கார் நெக்ஸான்தான்ங்கிறதையும் சொல்லணும்.

சரி, இந்த சரித்திரம் எதுக்கு இப்போ? எங்க வீட்டுலயும் வண்டி மாத்துற பேச்சு ஓடுது. அம்மாவுக்கு முட்டி வலி, பசங்க ரெண்டு பேரு, தங்கமணி, நான். மூணு கம்பெனி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். விளம்பரத்தை ஓரமா வச்சுட்டு, 'நாலு மீட்டருக்காக இதுல எங்க வெட்டியிருக்காங்க?'ன்னு மட்டும் தேடினேன். நீங்களும் அப்படியே பாருங்க.

ஒண்ணு, டிக்கி. அஞ்சு பேர் ரெண்டு நாள் ஊருக்குப் போற பெட்டியை நிஜமாவே கொண்டு போய் வச்சுப் பாருங்க. ரெண்டு, பின் சீட். சட்டம் நீளத்துக்குத்தான், அகலத்துக்கு இல்லை. அதனால கால் இடிக்கும், தோள் அவ்வளவா இடிக்காது. மூணு, இன்ஜின். மூணு சிலிண்டர் டர்போ சமதளத்துல பறக்கும். அஞ்சு பேர், ஏசியோட ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல திரும்பும்போது டர்போ விழிக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை ஓட்டிப் பார்த்தே தெரிஞ்சுக்கணும்.

நாலாவதுதான் எங்களுக்கு முக்கியம். சின்னக் கார்ல அம்மா உள்ளே 'விழணும்', பெரிய எஸ்யூவியில 'ஏறணும்'. இந்த ஜாதி வண்டியில அப்படியே திரும்பி உட்கார்ந்தா போதும். சீட்டு சரியா இடுப்பு உயரம். ராவ் 4 காலத்துலேர்ந்து குடும்பங்கள் இதை வாங்குறதுக்குக் காரணம் இதுதான், வீரம் கீரம் எல்லாம் இல்லை.

பணக் கணக்கும் பார்த்துருவோம். 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்பவும் அதே 4000, 1200, 1500 கோடுதான். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. வரிக்கு முன்னாடி எட்டு லட்சம்னா, உள்ளே 9.44 லட்சம், வெளியே 11.20 லட்சம். வித்தியாசம் 1.76 லட்சம். எங்களுக்கு அது பெரியவளோட ரெண்டு வருஷ ஸ்கூல் ஃபீஸு. அதனால உள்ளேயே வாங்கறதுன்னு முடிவு. மிஞ்சின பெட்டி மாடியில, அதாவது வண்டி கூரை மேல.

ஒரே ஒரு வருத்தம். இந்த வகையை இங்க நிலைநிறுத்தின ஃபோர்டு, 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிக்கிறதை நிறுத்தப் போறதா அறிவிச்சது. 2022 ஜூலையில மறைமலை நகர்லேர்ந்து கடைசியா வெளிய வந்ததும் ஒரு ஈகோஸ்போர்ட்தான். சந்தை பெருத்துச்சு, வழி காட்டின தொழிற்சாலையில வேலை பார்த்தவங்க இழப்பீட்டுக்காகப் போராட வேண்டியதாச்சு. அதுவும் ஜி.எஸ்.டி. ரோட்டு மேலயே! ஒரு வரிக் கோடு வண்டியோட உருவத்தைத் தீர்மானிக்கும், அதைச் செஞ்ச கைகளுக்கு ஒரு உத்தரவாதமும் தராது.

டிஸ்கி: எந்த வண்டி வாங்கினேன்னு கேக்காதீங்க. கலர் விஷயத்துல தங்கமணி இன்னும் தீர்ப்பு சொல்லலை :-)