இலண்டன் தெருக்களின் ஏழு வண்ணங்கள்

ஏழை ஏன் ஏழையானான்? நம் நாட்டார் 'தலையெழுத்து' என நெற்றியைத் தொட்டுக் காட்டுவர். இலண்டன் சீமான்கள் வேறு விடை வைத்திருந்தனர்: 'குடிக்கிறான், கெடுகிறான், சோம்பித் திரிகிறான், சோறின்றி வாடுகிறான்!' விடை வேறு, பயன் ஒன்றே. கூலி கொடுப்போனை எவரும் கேள்வி கேட்டிடார்!

அந்த விடையைச் சோதித்துப் பார்த்தவர் புரட்சிக்காரர் அல்லர். சார்லஸ் பூத் எனும் கப்பல் முதலாளி. 1886 முதல் 1903 வரை, தம் பணத்தைச் செலவிட்டு, இலண்டனைத் தெருத் தெருவாக ஆராய்ந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கெடுக்க வீடு வீடாகச் சென்ற அலுவலரிடம் குடும்பங்களின் நிலையைக் கேட்டெழுதினார். தொழிலாளர் வீடுகளில் தாமே வாடகைக்குத் தங்கியும் பார்த்தார்.

கண்டதை நிலப்படத்தில் ஏழு வண்ணங்களால் தீட்டினார். செல்வர் தெருவுக்கு மஞ்சள், ஏழையர் தெருவுக்கு நீலம், கொடிய வறுமைக்குக் கருநீலம், அடித்தட்டுக்குக் கறுப்பு. மேற்கே மஞ்சள் மின்னிற்று. கிழக்கே நீலம் படர்ந்தது. உலகின் செல்வமெல்லாம் வந்திறங்கிய அந்நகரில், நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில்! வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருவாயுள்ள குடும்பத்தையே அவர் 'ஏழை' என்றார். அதற்கும் கீழே இருந்தோர் பலர்.

குடிதான் கெடுத்ததோ? கொடிய வறுமையில் உழன்றோரிடையே அவர் எடுத்த கணக்கில், குடி முதலிய பழக்கத்தால் வீழ்ந்தோர் 14 விழுக்காடு. சோம்பேறிகள் வெறும் 4. வேலையின்மையும் குறைகூலியும் வீழ்த்தியோர் 55! மற்றோரை நோயும் பெருங்குடும்பமும் வாட்டின. துறைமுக வாயிலைப் பார்த்தோர்க்கு இது வியப்பன்று. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. மணிக்கு 6 பென்ஸ் பெறுவதற்கு 1889-இல் அத்தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது!

ஆயினும், கறுப்புத் தெருவினரைத் 'தீயொழுக்கத்தார், பாதிக் குற்றவாளிகள்' எனக் குறித்தவரும் அதே பூத்தான். எண் ஏழைக்காகச் சான்று கூறிற்று. வண்ணமோ அவனுக்கே தண்டனை விதித்தது! முதலாளியின் கண்ணாடியை அவர் முழுதும் கழற்றினாரில்லை என்போம்.

கறுப்பைத் துடைத்திடவும் முயன்றனர். கிழக்கு இலண்டனில் 'பழைய நிக்கல்' எனும் சேரியை நகராட்சியினர் இடித்துத் தள்ளி, அழகிய குடியிருப்புகள் கட்டினர். 1900-இல் இளவரசர் வந்து திறந்து வைத்தார். வெளியேற்றப்பட்டோர் 5,700-க்கு மேல். புது வீடு கண்டோர் 11 பேர்! வாடகை எட்டவில்லை. மற்றையோர் மூட்டை முடிச்சுகளுடன் அண்டைத் தெருக்களுக்குச் சென்று, ஏற்கெனவே நெருங்கிக் கிடந்த அறைகளில் இன்னும் நெருங்கிப் படுத்தனர்.