கொல்ல மறுத்த சட்டத்தரணியும் சி.ஐ.ஏ. கதிரையும்

1977 ஜனவரி 17. ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. செனட் சபையின் புலனாய்வுக் குழுவுக்கு முன்னால் 48 வயதுச் சட்டத்தரணி ஒருவர் வந்து உட்காருகிறார். பெயர் தியோடர் சொரன்சன். சி.ஐ.ஏ.யின் தலைமைக்குக் கார்ட்டர் தெரிவு செய்த ஆள் அவர்தான். கையில் நீளமான அறிக்கை ஒன்று. தன்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வாசிக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, பதவி வேண்டாம், என் பெயரை மீளப் பெறுங்கள் என்று அறிவிக்கிறார். வாக்கெடுப்புக்கே போகாமல் கதை முடிந்துவிட்டது.

ஒரு பதவிக்கு ஒருவரின் பெயர் வந்ததும் அவருடைய "பின்னணி"யைத் தோண்டுவார்கள். அது நடக்கத்தான் வேணும், அதுவும் புலனாய்வுப் பதவி எண்டால் கட்டாயம் வேணும். ஆனால் சொரன்சனின் கதையை வாசிக்கும்போது எனக்கு வேறொரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பின்னணியில் எதைக் கண்டால் பயப்படுகிறார்கள், எதைக் கண்டால் பேசாமல் கடந்து போகிறார்கள்?

ஆள் யார்?

சொரன்சன் 1928இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பிறந்தவர். தகப்பன் அந்த மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்தவர். தாய் ரஷ்ய யூதப் பரம்பரையில் வந்தவர். போருக்கு எதிரான எண்ணம் அந்த வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்தே ஊட்டப்பட்டிருக்க வேணும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தார். பிறகு வொஷிங்டனுக்குப் போய், 1953இல் புதிதாகத் தெரிவான ஒரு இளம் செனட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் செனட்டர்தான் ஜோன் எஃப். கென்னடி. அப்போது சொரன்சனுக்கு 24 வயது, கிட்டத்தட்ட எங்கட வயது.

அடுத்த 11 வருடம் கென்னடியின் பேச்சுகளுக்குப் பின்னால் இருந்த பேனா சொரன்சனுடையது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் விசேட சட்ட ஆலோசகர் என்பது அவருடைய உத்தியோகபூர்வப் பதவி. 1961 ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் குடாவில் சி.ஐ.ஏ. நடத்திய படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. அந்தத் திட்டத்தில் சொரன்சனுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், நிபுணர்களை மட்டும் நம்பினால் சரிவராது என்று கென்னடி அவரை வெளிநாட்டு விவகாரங்களுக்குள்ளும் இழுத்தார். 1962 ஒக்டோபரில், கியூப ஏவுகணை நெருக்கடி நேரம், உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றபோது, ஆலோசனைக் குழுவில் சொரன்சனும் இருந்தார். குருஷ்சேவுக்கு அனுப்பிய முக்கியமான கடிதத்தை எழுதுவதிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

கென்னடி கொல்லப்பட்ட பிறகு, 1964இல் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறினார். கென்னடியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நியூயோர்க்கில் பெயர்பெற்ற சட்ட நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 1976 வரைக்கும் கதை இதுதான்.

அவருக்கு முதல் வந்த சட்டத்தரணிகள்

சட்டத்தரணி ஒருவர் புலனாய்வுக்குத் தலைமை தாங்குவதா எண்டு யாரும் ஆச்சரியப்பட்டிருக்க முடியாது. அமெரிக்கப் புலனாய்வின் வரலாறே சட்டத்தரணிகளின் வரலாறு எண்டு சொல்லலாம். இரண்டாம் உலகப்போரின்போது சி.ஐ.ஏ.யின் முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அமைப்பைக் கட்டியெழுப்பிய வில்லியம் டொனவன், நியூயோர்க்கில் பெரிய சட்டத்தரணி. 1953 முதல் 1961 வரை சி.ஐ.ஏ.யை ஆண்ட அலன் டலஸும் அப்படித்தான். டலஸ் வேலை செய்த சட்ட நிறுவனம் யுனைட்டட் ஃப்ரூட் என்ற வாழைப்பழக் கம்பனிக்குச் சட்ட வேலைகள் செய்த நிறுவனம். குவாத்தமாலாவில் அந்தக் கம்பனியின் காணிகளில் கைவைத்த அரசாங்கத்தை 1954இல் கவிழ்த்தது, டலஸின் தலைமையில் இருந்த சி.ஐ.ஏ. அந்தத் தொடர்பு அவருடைய கதிரையை அசைக்கவில்லை.

இன்னொருவர் வில்லியம் கொல்பி. கொலம்பியாவில் சட்டம் படித்தவர், டொனவனின் சட்ட நிறுவனத்திலேயே வேலை செய்தவர். வியட்நாமில் "பீனிக்ஸ்" என்று அழைக்கப்பட்ட திட்டம் அவருடைய பொறுப்பின் கீழ் வந்தது. கிராமங்களில் இயங்கிய வியட்கொங் அமைப்பின் ஆட்களை அடையாளம் கண்டு பிடிப்பது, சரணடைய வைப்பது, இல்லாவிட்டால் கொல்வது, இதுதான் அந்தத் திட்டம். 1971இல் காங்கிரசின் முன் கொல்பியே ஒரு எண்ணைச் சொன்னார்: 20,587 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் சண்டையில் இறந்தவர்கள், இது படுகொலைத் திட்டம் இல்லை என்பது அவருடைய வாதம். எதிர்ப்பும் இருந்தது, வொஷிங்டனில் சுவரொட்டிகூட ஒட்டினார்கள். ஆனால் 1973இல் அவரைச் சி.ஐ.ஏ. பணிப்பாளராக்க செனட் சபை 83க்கு 13 என்ற வாக்குகளால் சம்மதித்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. திரும்பத் தேவைப்படும்.

கார்ட்டர் ஏன் இவரைக் கேட்டார்?

புலனாய்வு என்ற சொல் வந்தாலே குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகினவர்கள் நாங்கள். அதனால் 1975இல் அமெரிக்காவில் நடந்ததை எங்களுக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். செனட்டர் ஃபிராங்க் சேர்ச் தலைமையிலான குழு ஒன்று புலனாய்வு நிறுவனங்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தது. காஸ்ட்ரோவைக் கொல்ல 1960க்கும் 1965க்கும் இடையில் குறைந்தது எட்டுச் சதிகள், கொங்கோவின் லுமும்பாவுக்கு நஞ்சு அனுப்பியது, சொந்த நாட்டு மக்களின் கடிதங்களை உடைத்து வாசித்தது என்று எல்லாம் வெளியே வந்தன. இனி இவர்களைக் கண்காணிக்க ஒரு நிரந்தரக் குழு வேணும் என்று 1976 மே மாதத்தில் செனட் சபை புலனாய்வுக் குழுவை உருவாக்கியது.

மக்களிடம் பொய் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கேட்டு வென்றவர் கார்ட்டர். சி.ஐ.ஏ.க்கு வெளியிலிருந்து, மனச்சாட்சி உள்ள ஒரு ஆள் வேணும் என்று அவர் சொரன்சனைத் தேடிப் பிடித்ததில் ஒரு நியாயம் இருந்தது. கண்காணிப்பதற்கென்றே பிறந்த குழு அவரைக் கைநீட்டி வரவேற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேற.

இரண்டு கடதாசிகள்

எதிர்த்தவர்கள் பல விடயங்களை எடுத்தார்கள். 1969இல் எட்வர்ட் கென்னடியின் கார் பாலத்திலிருந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்தபோது அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் சொரன்சனும் ஒருவர் என்றார்கள். அவருடைய சட்ட நிறுவனத்தின் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அவரை விழுத்தியது இரண்டு கடதாசிகள்.

முதலாவது, இளைஞனாக இருந்தபோது கட்டாய இராணுவ சேவைக்கான பதிவில் அவர் கேட்டது. 1940களின் பிற்பகுதியில், ஆயுதம் ஏந்தாத சேவை தரும்படி அவர் விண்ணப்பித்திருந்தார். கவனியுங்கோ, படைக்கு வரவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. போர்க்களத்தில் காயப்பட்டவர்களைத் தூக்குவேன், மனிதரைக் கொல்லமாட்டேன் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. கடைசியில் அவர் சீருடை போட வேண்டி வரவுமில்லை. ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து இது கேள்வியாக வந்தது: கொல்லமாட்டேன் என்ற ஆள் இரகசிய நடவடிக்கைகளுக்கு எப்படிக் கட்டளை இடுவார்?

இரண்டாவது, ஒரு சத்தியக்கடதாசி. வியட்நாம் போர் பற்றிய பென்டகனின் இரகசிய ஆய்வை டானியல் எல்ஸ்பேர்க் வெளியே கொடுக்க, 1971 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் அதைப் பிரசுரித்தது. எல்ஸ்பேர்க் மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குக்காகச் சொரன்சன் எழுதிய சத்தியக்கடதாசியில் வொஷிங்டனின் உண்மையான நடைமுறையைச் சொல்லியிருந்தார். இரகசியம் என்ற முத்திரையை அளவுக்கு மீறிக் குத்துகிறார்கள். உயர் அதிகாரிகள் அப்படியான ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோவதும், பத்திரிகையாளரிடம் கசியவிடுவதும், பதவி விலகிய பிறகு புத்தகத்தில் பயன்படுத்துவதும் வழமை. நானும் கொண்டுபோனேன், என் புத்தகத்துக்குப் பயன்படுத்தினேன். இவ்வளவுதான் அதன் சாரம். எல்ஸ்பேர்க்கின் வழக்கு, அரசாங்கத்தின் சொந்த முறைகேடுகள் அம்பலமானதால் 1973 மே மாதத்தில் தள்ளுபடியானது. ஆனால் சொரன்சனின் கடதாசி அவரைத் தேடி வந்தது.

குழுவில் இருந்தவர்களில் 34 வயது ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஒருவர் முதலில் சொரன்சனுக்கு உற்சாகமாக ஆதரவு சொன்னவர். சத்தியக்கடதாசி வெளிவந்ததும் நிலைமை மாறியது. உளவுச் சட்டத்தின் கீழ் இவர்மீது வழக்குப் போட முடியுமா முடியாதா என்பது தனக்கே நிச்சயமில்லை என்று விசாரணை அமர்வில் பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் செனட்டர் பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜோ பைடன். சொரன்சன் இதை மறக்கவேயில்லை. 2008இல் வந்த நினைவுக் குறிப்பிலும் பைடனைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். கார்ட்டரும் தன் ஆளுக்காக உறுதியாக நின்று சண்டை பிடிக்கவில்லை. வாக்குகள் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது.

எதிர்த்தவர்களின் பக்கம்

எதிர்த்த எல்லாரையும் வில்லனாக்கினால் கட்டுரை எழுதுவது சுலபம். ஆனா அவர்களிடம் உண்மையான கேள்விகளும் இருந்தன. 1975 டிசெம்பரில் ஏதென்ஸில் சி.ஐ.ஏ.யின் நிலையத் தலைவர் ரிச்சர்ட் வெல்ஷ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பெயர்கள் வெளியே வந்தால் உயிர் போகும் என்ற பயம் அந்த நிறுவனத்தில் புதிதாக இருந்தது. இரகசிய ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று தானே எழுதிய ஒருவர், அதையே செய்த கீழ்நிலை உத்தியோகத்தரை எந்த முகத்தோடு தண்டிப்பார்? காஸ்ட்ரோவுக்கு எதிரான சதிகளில் சில கென்னடி காலத்தில் நடந்தவை. தனக்கு எதுவும் தெரியாது என்றார் சொரன்சன். அதையும் கேட்டுத்தான் ஆகவேணும். பெரிய நிறுவனம் ஒன்றை நடத்திய அனுபவமும் அவருக்கு இருக்கவில்லை.

இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். என்னுடைய பிரச்சினை, இதே அளவுகோலால் மற்றவர்களை அளந்தார்களா என்பதுதான்.

அதே வருடம், இன்னொரு சத்தியம்

1973இல் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் என்பவர் இன்னொரு செனட் குழுவின் முன் உட்கார்ந்திருந்தார். 1966 முதல் சி.ஐ.ஏ.யின் பணிப்பாளராக இருந்தவர், அப்போது ஈரானுக்கான தூதுவர் பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்தார். அதுவும் ஒரு பின்னணி விசாரணைதான். சிலியின் அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்றீர்களா, அலெண்டேயின் எதிராளிகளுக்குக் காசு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார், சத்தியத்தின் பேரில். உண்மை அதற்கு நேர்மாறு. ஆனால் பதவி கிடைத்தது, ஈரானுக்குப் போனார்.

உண்மை வெளியே வந்து, 1977 நவெம்பரில், சொரன்சன் விலகி பத்து மாதம் போக முதலே, ஹெல்ம்ஸ் நீதிமன்றத்தில் நின்றார். காங்கிரசுக்கு முழு உண்மையைச் சொல்லாத குற்றத்தை எதிர்க்கவில்லை என்றார். தண்டனை 2,000 டொலர் அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட இரண்டு வருடச் சிறையும். ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ.காரர்கள் எழும்பி நின்று கைதட்டி வரவேற்று, அபராதத்துக்கான காசையும் தாங்களே சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்ப எல்லாவற்றையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 20,587 பேர் இறந்த திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த சட்டத்தரணிக்கு 83 வாக்கு. கொல்லமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த சட்டத்தரணிக்கு வாக்கெடுப்பே இல்லை. சத்தியத்தின் பேரில் பொய் சொன்னவர் தூதுவரானார். சத்தியக்கடதாசியில் உண்மை எழுதினவர் வீட்டுக்குப் போனார். இந்த மூவரையும் அளந்தது அதே செனட் சபைதான்.

பிறகு என்ன நடந்தது? கார்ட்டர் கடற்படை அட்மிரல் ஸ்டான்ஸ்ஃபீல்ட் டேர்னரைக் கொண்டுவந்தார். அவரும் வெளியாள்தான், ஆனால் சீருடை போட்ட வெளியாள் என்பதால் பிரச்சினை இருக்கவில்லை. அதே 1977 ஒக்டோபரில் அவர் சி.ஐ.ஏ.யில் சுமார் 800 பதவிகளை வெட்டத் தொடங்கினார். சொரன்சனுக்குப் பயந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வரும். சொரன்சன் நியூயோர்க்கில் தன் சட்டத் தொழிலுக்குத் திரும்பி, 2010இல் 82ஆவது வயதில் இறந்தார்.

பின்னணி என்பது ஒரு ஆள் செய்தவற்றின் பட்டியல் மட்டும் எண்டு நாங்கள் நினைக்கிறோம். அந்தப் பட்டியலில் எந்த வரிக்குக் கீழே கோடு போடுவது என்பதை, பதவியைக் கொடுக்கும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. 1977இல் அமெரிக்க செனட் சபை கோடு போட்ட இரண்டு வரிகளும் ஒருவர் தன் கையால் எழுதி, மறைக்காமல் கையொப்பமிட்டவை. அடுத்தமுறை ஏதாவது ஒரு பெரிய நியமனச் செய்தி வரும்போது, அந்த ஆளைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதோடு, அவருக்கு முதல் அதே கதிரையில் இருந்தவர்களிடம் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதையும் ஒருக்கா தேடிப் பாருங்கோ.