சுருதி இறங்கியபோது

பாரி நாயனத்தின் வருகையை வளர்ச்சி என்றே எழுதிவந்தவன் நான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் அம்மன் ஊர்வலத்துத் திமிரியைக் கேட்டபின் அந்த உறுதி தளர்ந்தது. நீரைக் கடந்து அக்கரைவரை வந்தது அதன் ஒலி.

திமிரி குட்டை, சுருதி உயர்வு, தெருவுக்கான வாத்தியம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரியை ஏற்றுச் சுருதியைத் தாழ்த்தினார்; ஒத்தை விலக்கித் தம்பூராவைச் சேர்த்தார். சுத்த மத்தியமம் பிசகாத பாரியை 1955இல் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. நாயனம் மேடையேறியது.

மொஸார்ட்டின் ஹார்ன் கன்சர்டோக்களில் மூன்று ஈ-ஃபிளாட்டில் அமைந்தவை. வால்வு இல்லாத ஹார்னுக்கு எழுதப்பட்டவை. அந்தப் பழைய ஏட்டை முன்வைத்து இன்றைய எஃப் ஹார்ன்காரர் வாசிக்கும்போது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனத்துள் ஒரு முழு ஸ்வரம் இறக்கிக்கொள்கிறார். சபையின் காதில் விழுவது அதே ஈ-ஃபிளாட்தான். அங்கே வாத்தியம் மாறியது, சுருதி நின்றது. இங்கே சுருதியே இறங்கியது, ராகம் நின்றது.

நம் ராகத்துக்கு நிலைத்த சுருதி கிடையாது. எனவே இலக்கணப்படி இழப்பொன்றுமில்லை. ஆனால் சபைக்குள் இருப்பவனுக்குத்தான் அந்தக் கணக்கு. அக்கரையில் வலை உலர்த்துகிறவனையும் கேட்பவனாக எண்ணியிருந்த ஒலி அது. என் கட்டுரைகளில் அவன் இருந்ததில்லை.