கல்லில் இருப்பது எழுத்தா, குலக்குறியா?

இந்த எபிசோடில் கருங்கடலின் வடகரைக்குப் போறோம். கிரிமியாவின் கிழக்கு முனையில் இருக்கும் கெர்ச் நகரம்தான் அன்றைய பாண்டிகாபையம், போஸ்போர அரசின் தலைநகரம். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த அரசின் கற்களில் கிரேக்க எழுத்து இருக்கும். பக்கத்திலேயே கொக்கியும் வளையமும் சூலமும் கலந்த மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் 'தம்கா' என்கிறார்கள். இந்தச் சொல் பிற்கால துருக்கிய, மங்கோலிய வழக்கு. அந்தக் குறியைப் போட்ட சார்மேஷியர்கள் பேசியதோ ஈரானிய மொழி.

கிரேக்க மோனோகிராமும் பார்க்க இதே மாதிரிதான். ஆனா அதன் வேலை வேற. இரண்டு மூன்று எழுத்துகள் ஒரே கோட்டைப் பங்கு போட்டுக்கொண்டு பின்னிக் கிடக்கும். போஸ்போரக் காசுகள் சிலவற்றில் பீட்டா, ஆல்பா, ரோ மூன்றும் சேர்ந்து வரும். முதல் இரண்டும் 'பசிலியுஸ்', அதாவது அரசன், என்ற சொல்லின் தொடக்கம். மூன்றாவதை ரெஸ்குபோரிஸ் என்று விரிக்கிறார்கள். அது சரியா என்ற சண்டை இன்னும் ஓயலை. ஆனாலும் மோனோகிராமைப் பிரிச்சுப் பார்த்து, 'என்ன எழுத்து?'னு கேட்கலாம்.

தம்காவிடம் அந்தக் கேள்வியே செல்லாது. வண்ணான் குறியை யாராவது எழுத்துக்கூட்டிப் படிக்கிறோமா? 'இது யாருடையது?' என்றுதான் கேட்கணும். கோடு ஒத்துப்போகுது என்பதற்காக ஒரு தம்காவுக்குள் கிரேக்க எழுத்தைத் தேடினால், ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். ஆபத்தே அங்கதான். சார்மேஷியர்கள் தங்கள் மொழியில் நூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கிரேக்கரும் ரோமரும் எழுதியது. அவங்களே போட்ட குறியையும் கிரேக்கமாக மாத்திட்டா, அவங்க பக்கத்தில் என்ன மிஞ்சும்?

அப்போ 'யாருடையது' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரும் குறியும் ஒரே இடத்தில் வரணும். ஒல்பியாவில் அடித்த தங்கக் காசுகளில் ஃபார்சோய் என்ற மன்னனின் பெயர் கிரேக்கத்திலும், பக்கத்தில் அவனுடைய தம்காவும் இருக்கு. டான் ஆற்று முகத்துவாரத்தில் தனாயிஸ் என்ற ஊரிலும் அரசர் பெயர் தாங்கிய கல்வெட்டுகளோடு குறிகள் கிடைத்திருக்கின்றன. அரச குறிகளை வரிசையாக வைத்தால் ஒரு பகுதி பொதுவாக நிற்கும், இன்னொரு பகுதி ஆளுக்கு ஆள் மாறும். எல்லா சோலமோனிக் 1959-இல் இந்தக் குறிகளைத் தொகுத்து நூலாக்கியது இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய உதவி.

அந்த அரசர்களின் பெயரையும் கவனிங்க: திபேரியஸ் யூலியஸ் சௌரோமாட்டிஸ். முன்பாதி ரோமானியம், பின்பாதி புல்வெளி. கல்வெட்டில் தன்னை 'சீசரின் நண்பன், ரோமரின் நண்பன்' என்று கிரேக்கத்தில் சொல்லிக்கொண்ட அரச மரபு, குறி என்று வரும்போது புல்வெளி வழக்கத்தை எடுத்தது. தன் குதிரைவீரர்களுக்கு யார் என்று காட்ட அது போதும். கிரேக்கம் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. இது என் ஊகம்.

ஒல்பியாவின் சலவைக்கல் சிங்கங்கள் மட்டும் இந்த முறைக்குள் அடங்காது. இன்று எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவற்றின் உடம்பு முழுக்கத் தம்காக்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. பல குலங்கள் கூடிச் செய்த உடன்படிக்கையா, காலம் காலமாக வந்துபோனவர்கள் கீறியதா? இரண்டையும் வாதிடலாம். எந்தக் கீறல் எதன் மேல் ஏறியிருக்கு என்று கோடு கோடாகப் பார்ப்பதில் இருந்துதான் தொடங்கணும்.